விடுபட்ட இடங்கள்

1

யந்திரம் கவிதை எழுதுகிறது என்ற செய்தி நம் வட்டத்தில் கிளப்பியிருக்கும் கலவரத்தில் எனக்குப் பங்கில்லை. தமிழில் யந்திரம் கவிதை எழுதுவது புதிய சமாசாரமும் இல்லை. 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து சிறுபத்திரிகைக்காரர்கள் சொல்லிவந்த குற்றச்சாட்டே இதுதான். எதுகையையும் மோனையையும் கையில் வைத்துக்கொண்டு, முகம் என்றதும் நிலா, நிலா என்றதும் அல்லி என்று தானாக ஓடும் ஒரு தறியில் செய்யுள் நெய்கிறார்கள். அதில் அனுபவமும் இல்லை, ஆளும் இல்லை என்றார்கள். பத்திருபது வருஷம் கழித்து அதே குற்றச்சாட்டைப் புதுக்கவிதையின் மீதும் சொல்ல நேர்ந்தது. மௌனம், வெறுமை, நிழல், உதிர்ந்த சிறகு என்று நாலு வார்த்தைகளைக் குலுக்கிப் போட்டால் வந்து விழுகிற கவிதைகள் பத்திரிகைகளை நிறைத்தன. ஆள் இல்லாமல் நடந்துகொண்டிருந்த காரியம் இப்போது வாஸ்தவமாகவே ஆள் இல்லாமல் நடக்கிறது. இதில் திடுக்கிட என்ன இருக்கிறது?

இருந்தாலும் இந்த யந்திரத்தின்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. 'செயற்கை நுண்ணறிவு' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வெறும் அறிவு. தமிழுக்கு வந்ததும் 'நுண்' ஒன்று இலவசமாக ஒட்டிக்கொண்டது. பெயரில் இருக்கும் இந்தத் தாராளம் நம் மனசிலும் இருக்கிறது. அவநம்பிக்கைப்படுகிறவன் அதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள் எனக்கு உதவவில்லை.

ஒன்று, அது மோசமாக எழுதுகிறது என்பது. வெண்பாக் கேட்டால் தளை தட்டுகிறது என்று காட்டிச் சிரிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். தளை நாளைக்கு ஒழுங்காகிவிடலாம். அப்போது என்ன சொல்வதாக உத்தேசம்? எதிரியின் இன்றைய கையாலாகாத்தனத்தின் மீது கட்டுகிற வாதம் அவன் கைகால் தேறுகிற வரைக்கும்தான் நிற்கும்.

இரண்டாவது, மனிதன் கைபட்ட வேலையின் தரமே தனி என்பது. இதைத் திருச்சியில் இருந்துகொண்டு யாரும் சொல்லக் கூடாது. இந்த ஊரிலும் சுற்றுவட்டத்துக் கிராமங்களிலும் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கல் செயற்கை, வேலை கைவேலை. சுழலும் சாணையில் பொடிக்கல்லை வைத்து, கண்ணையும் விரல்நுனியையும் நம்பி ஒவ்வொரு பட்டையாகப் பிடித்தார்கள். யந்திரத்தில் பட்டை தீட்டிய கற்கள் சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்தபோது தொழில் படுத்துவிட்டது. மூக்குத்தி வாங்கியவர்கள் யாரும், இதில் மனிதக் கை இல்லையே என்று கல்லைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்தது பெரிய அநியாயம். ஆனால் அது பிழைப்பு பறிபோன அநியாயம். அதைத் தரத்தின் பெயரால் வாதாடிக் காப்பாற்ற முடியாது. வேலையின் பலனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், அதில் மனிதன் இருந்தானா என்று கேட்பதற்கே அவசியம் எழுவதில்லை.

ஆகவே பலனை விட்டுவிட்டு வேறு இடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் அந்த இடம் எது என்பதுதான் என் பிரச்னை.

2

இதை யோசிக்க நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் திருச்சிக்குப் பக்கத்து அதவத்தூரில் பிறந்து, திருச்சியில் பேர் எடுத்து, பின்னால் மாயூரம் போய், திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக 1876-ல் மறைந்தவர். தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல், பிள்ளைத்தமிழ் பத்து, அந்தாதி, கலம்பகம், மாலை, கோவை என்று மற்றவை தனி. திருவானைக்காவில் அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழும் மாலையும் பாடினார். தென்னூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய உறையூருக்கு ஒரு புராணம் பாடினார். பாடிய மொத்தச் செய்யுள் லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். ஏடும் எழுத்தாணியுமாக ஒரு மாணாக்கர் எதிரில் உட்கார்ந்திருக்க, பிள்ளை சொல்லிக்கொண்டே போவாராம். எழுதுகிறவர் கைதான் ஓயுமே தவிர சொல்லுகிறவர் வாய் ஓயாது.

நம் விமர்சன அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இது யந்திரம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தலபுராணம் என்ற வடிவமே அப்படிப்பட்டது. முதலில் கடவுள் வாழ்த்து. பிறகு நாட்டுச் சிறப்பு: மேகம் கடலில் முகந்து மலையில் பெய்யும், வெள்ளம் நால்வகை நிலத்தையும் கலக்கி ஓடும், வயலில் உழத்தியர் களை பறிப்பார்கள், வாளை பாயும். பிறகு நகரச் சிறப்பு: மாடம், கொடி, வீதி. பிறகு தலம், தீர்த்தம், மூர்த்தி. ஊர் மாறும்; ஓட்டம் மாறாது. தண்ணீருக்கே வழியில்லாத ஊருக்கும் வாளை பாயும். ஒரு சொல் விழுந்ததும் அடுத்த சொல் எது என்பது ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது.

இன்றைய யந்திரம் செய்வதும் தத்துவத்தில் இதுதான். கணக்கற்ற பக்கங்களிலிருந்து எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வந்திருக்கிறது என்ற பழக்கத்தை அது கிரகித்துக்கொள்கிறது. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடியவற்றுக்கெல்லாம் ஒரு நிகழ்தகவு போட்டு, ஒன்றை எடுத்து வைக்கிறது. பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி. வயலுக்குப் பக்கத்தில் வாளையை வைக்க அதற்கு வயலும் தெரிய வேண்டாம், வாளையும் தெரிய வேண்டாம். இந்த அளவில் மகாவித்துவானுக்கும் யந்திரத்துக்கும் நடுவில் கோடு போட என்னால் முடியவில்லை. அந்தப் புராணங்களை இன்று யாரும் வாசிப்பதில்லை. நானும் எடுத்ததை முடித்ததில்லை.

ஆனால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளோடு முடிந்துபோகவில்லை. அவர் பாடமும் சொன்னார். இங்கேதான் விஷயம் திசை திரும்புகிறது.

3

1871-ல் பதினாறு வயசுப் பையன் ஒருவன் மாயூரத்தில் அவரிடம் போய்ச் சேருகிறான். பிள்ளை இறக்கும்வரை ஐந்து வருஷம் கூடவே இருக்கிறான். அந்தப் பையன் உ.வே. சாமிநாதையர். தன் ஆசிரியரின் சரித்திரத்தைப் பின்னால் இரண்டு பாகமாக எழுதியவர். அதில் பிள்ளை தாமே எப்படிக் கற்றார் என்பதற்கு ஒரு சம்பவம் வருகிறது. திருச்சித் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரிந்திருந்தது. அவர் லேசில் யாருக்கும் சொல்லிக்கொடுப்பவர் இல்லை. இளைஞரான மீனாட்சிசுந்தரம் அவர் பிச்சைக்குப் போகும் வழியெல்லாம் பின்னாலேயே நடந்து, அவருக்கு வேண்டிய சில்லறைப் பணிவிடைகளைச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் கேட்டார்.

'பாடம் கேட்பது' என்று தமிழில் சொல்கிறோம். கேட்பது என்றால் வினவுவதும்தான், செவிமடுப்பதும்தான். யந்திரத்திடம் நாம் வினவுகிறோம், பாடம் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தை ஏதோ குருபக்தியின் மகிமையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பரதேசியின் பின்னால் நடந்தவன் அலங்காரத்தை மட்டும் கற்றிருக்க மாட்டான். தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது இன்னொருத்தரிடம் இருக்கிறது, அவர் தரலாம் அல்லது தராமல் போகலாம் என்பதையும் கற்றிருப்பான். தெரியாமையை ஸ்தூலமாக, கால் வலியாக அனுபவிக்கிற பயிற்சி அது.

இந்தப் பயிற்சி எதற்கு உதவியது? 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. போய்ப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்கிறார். தெரியாது. மகாவித்துவானும் அதைப் பாடம் சொன்னதில்லை. ஆசிரியரிடம் இல்லாததை மாணவன் தேடிப் போகிற கட்டம் அங்கே ஆரம்பிக்கிறது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் படித்தால், எந்த நூலிலிருந்து வந்தன என்றே தெரியாத மேற்கோள்கள் கண்ணில் படுகின்றன. ஜைன சமயச் செய்திகள் பிடிபடவில்லை என்பதால் கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் பாடம் கேட்கிறார். 1887-ல் சீவக சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று அச்சேறுகின்றன. உரையில் தெரியாமல் நின்ற மேற்கோள்களின் இருப்பிடம் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. தெரியாத இடம்தான் அவரை ஊர் ஊராக நடக்க வைத்தது.

ஸ்ரீரங்கத்தில் மார்கழி தோறும் அரையர்கள் அபிநயித்துப் பாடுகிற பிரபந்தத்துக்கும் இப்படி ஒரு தொடக்கக் கதை உண்டு. நாதமுனிகள் காதில் முதலில் விழுந்தவை பத்துப் பாசுரங்கள்தாம். இவை ஆயிரத்தில் ஒரு பத்து என்று கடைசிப் பாசுரம் சொல்ல, மீதி எங்கே என்று கேட்டுக்கொண்டு அவர் குடந்தைக்கும் குருகூருக்கும் போனார். அங்கே 'கண்ணிநுண் சிறுத்தாம்பை'ப் பன்னீராயிரம் தடவை ஜபித்ததும், நம்மாழ்வார் தோன்றி நாலாயிரத்தையும் தந்ததும் சம்பிரதாயம் சொல்வது. நம்புவது நம்பாதது அவரவர் பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் ஆரம்பம். கைக்கு வந்த பத்தே போதும் என்று இருந்துவிடாமல், வராத பாசுரங்களின் குறையை ஒரு மனிதர் உணர்ந்தார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாம். புறநானூற்றைப் புரட்டுங்கள். 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இல்லை. பின்பகுதியில் பல பாட்டுகளில் அடிகள் சிதைந்து, அந்த இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. இவற்றைப் பதிப்பித்த உ.வே.சா. யார்? நினைத்த மாத்திரத்தில் செய்யுள் சொல்லும் வித்தையை அந்த வித்தையின் உச்சத்தில் இருந்தவரிடம் ஐந்து வருஷம் பயின்றவர். ஆசிரியப்பாவில் அரை அடி குறைந்தால் அவர் கை தானாக நிரப்பியிருக்கும். அளவும் ஓசையும் மோனையும் கெடாமல் நிரப்பியிருக்கும். நம்மில் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திராது. இடைச்செருகல் என்பது தமிழுக்குப் புதிய பழக்கமும் இல்லை. ஏடு எழுதியவர்களும் புலவர்களும் நல்லெண்ணத்தோடு காலங்காலமாகச் செய்துவந்ததுதான். நிரப்ப முடிந்த அவர் புள்ளி வைத்தார்.

தமிழ்க் கல்வி சென்ற நூற்றாண்டில் கண்ட பெரிய காரியம் என்று என்னைக் கேட்டால் இந்தப் புள்ளிகளைச் சொல்வேன். கற்றவன் தன் கற்பனைக்கும் கிடைத்த சாட்சிக்கும் நடுவில் போட்ட கோடு அது. 'இங்கே ஒன்று இருந்தது, அது என்னவென்று எனக்குத் தெரியாது' என்பதை அச்சில் ஒப்புக்கொள்வது. செய்யுள் செய்யும் திறமை மகாவித்துவானிடமிருந்து வந்திருக்கலாம். இந்தக் கூச்சம் அதிலிருந்து வரவில்லை. தெரியாததற்காக நடந்து, பிறர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்து, முதலியார் எதிரே தெரியாது என்று தலைகுனிந்து நின்றதில் வந்தது.

4

யந்திரம் இதற்கு நேர் எதிர்த்திசையில் கட்டப்பட்டது. அடுத்த சொல்லை வைப்பதுதான் அதன் தொழில். தெரிந்த இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் அதன் நடையில் பேதம் இல்லை. இரண்டையும் ஒரே சரளத்தில் சொல்கிறது.

இதற்கு எங்கள் தென்னூரிலேயே ஒரு உதாரணம் கிடைத்தது. இங்கே ஒரு இளம் நண்பர் பழைய சிறுபத்திரிகை இதழ்களைத் தேடிப் பிடித்து, படமெடுத்து, யந்திரத்தைக் கொண்டு எழுத்துக்களைப் படிக்க வைத்து, திரும்பவும் வாசிக்கக் கிடைக்கும்படி செய்துவருகிறார். கைக்காசைப் போட்டுச் செய்கிறார். அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இரண்டே கவிதைகளோடு காணாமல்போன ஒருவருடைய கவிதையை அவர் அனுப்பியிருந்தார். கடைசி அடி 'மௌனம்' என்று முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. என் அலமாரியில் அதே இதழின் இன்னொரு பிரதி இருந்ததால் எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த சொல் 'மண்ணெண்ணெய்'. நண்பரின் பிரதியில் அந்த மூலையைச் செல்லரித்து 'ம' மட்டும் மிஞ்சியிருக்கிறது. மிச்சத்தை யந்திரம் நிரப்பிவிட்டது. தமிழ்க் கவிதையின் கடைசி அடியில், 'ம'வுக்குப் பிறகு எது வரும் என்று அதைக் கேட்டால் வேறு என்ன சொல்லும்?

நண்பரிடம் காட்டினேன். "சார், அர்த்தம் ஒண்ணும் கெடலியே? இது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறது, அபாயமும் அதுதான். ரேஷன் கடை வாசலில் டின்னோடு நிற்கிற ஒரு அனுபவத்தை அந்தப் பெயர் தெரியாத மனிதர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் கவிதை எழுதினார் என்றுகூடச் சொல்லலாம். எதிர்பாராத சொல்லைத் தேடித்தான் புதுக்கவிதை பிறந்தது. எதிர்பார்க்கத்தக்க சொல்லை வைக்கும் யந்திரம் அவர் இருந்த இடத்தில் எல்லாருடைய சராசரியையும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அவருடைய மொத்த எழுத்து இரண்டு கவிதை. அதில் ஒன்றின் முடிவு போயிற்று. என்னிடம் இன்னொரு பிரதி இல்லாமலிருந்தால் அது போனதே தெரிந்திருக்காது. செல் அரித்த ஓட்டை நமக்குத் தெரியும். நிரப்பிய ஓட்டை தெரியாது.

நிரப்பாதே, புள்ளி வை என்று யந்திரத்துக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நண்பர் பிறகு வாதாடினார். நியாயமான வாதம். சொன்னால் பெரும்பாலும் வைக்கவும் வைக்கும். ஆனால் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது? இது ஓட்டை, இது எழுத்து என்று பிரித்துப் பார்க்கிற கண் முதலில் சொல்கிறவனிடம் இருந்தாக வேண்டும். அந்தக் கண் கற்று வருவது. கற்கும் காலத்தையே யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட ஒரு தலைமுறை, புள்ளி வை என்று அதற்குக் கட்டளையிட எங்கிருந்து தெரிந்துகொள்ளும்? அதோடு, உ.வே.சா.வுக்கு நிரப்பும் சபலம் இருந்திருக்கும், அதை அடக்கினார். யந்திரத்துக்குச் சபலமும் கிடையாது, அடக்கமும் கிடையாது. தவறிவிட்டால் வெட்கமும் கிடையாது. மன்னிக்கவும் என்று அது சொல்கிறது. அதுவும் அடுத்து வரக்கூடிய சொல்தான்.

ஜோசப் வைஸன்பாம் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி 1966-ல் 'எலைஸா' என்று ஒரு உரையாடும் புரோகிராமை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவதுபோல, எதிராளி சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கும் சாதாரண ஏற்பாடு. அது எப்படிச் செய்யப்பட்டது என்று அறிந்த அவருடைய காரியதரிசியே, அதோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாராம். ஆடிப்போன வைஸன்பாம் 1976-ல் 'கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹ்யூமன் ரீஸன்' என்ற புத்தகத்தை எழுதினார். யந்திரத்தால் எது முடியும் என்பதை விட்டுவிட்டு, முடிந்தாலும் எதை அதனிடம் விடக் கூடாது என்று கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஐம்பது வருஷத்தில் யந்திரம் எவ்வளவோ மாறிவிட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது.

5

எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய பலமான வாதம் ஒன்று உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

பாடம் கேட்டது யார்? யாரால் கேட்க முடிந்தது? பரதேசி தண்டியலங்காரத்தைப் பதுக்கி வைத்திருந்தார். வேதத்தையும் சாஸ்திரத்தையும் பூட்டியே வைத்திருந்தார்கள். திண்ணைக்கே வர விடாதவர்களிடம் போய்த் திண்ணையின் பெருமையைப் பேசுவது அயோக்கியத்தனம். இன்றைக்கும் கேள்வி கேட்டால் ஏளனம் பண்ணுகிற ஆசிரியர்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். யந்திரம் ஜாதி கேட்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எத்தனையாவது தடவையானாலும், முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறது. அவமானத்துக்குப் பயந்து கேட்காமலே இருந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. இதற்கு நான் தலைவணங்குகிறேன். மனு எழுதவும், ஆங்கிலக் கடிதம் புரியவும், கணக்குப் பிடிபடவும் அவளுக்கு அது உதவுமானால் அதைத் தட்டிப் பறிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனால் கதவை உடைத்தவர்களின் சரித்திரத்தைப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று சென்னையில் வாரப் பத்திரிகை ஆரம்பித்த அயோத்திதாச பண்டிதர், மறுக்கப்பட்ட நூல்களைத் தாமே கற்று, தாமே வேறு பாடம் கண்டு, தம் பெயரைப் போட்டு வாதாடினார். அவர் சொன்னதில் பலவற்றைப் பிறர் மறுக்கலாம். மறுப்பதற்கு ஒரு ஆள் அங்கே நின்றார். விலக்கப்பட்டவர்கள் கேட்டது அறிவுக்குள் நுழைந்து சண்டை போடும் உரிமையை. அதற்குப் பதிலாக, யாரும் பொறுப்பேற்காத ஒரு பொதுக்குரலிடமிருந்து தயார் பதிலை வாங்கிக்கொள் என்று கொடுத்தால், திண்ணையை வேறு ரூபத்தில் கட்டியதாகத்தான் ஆகும். பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மனித ஆசிரியர், மற்றவர்களுக்கு யந்திரம் என்று நாளை ஆகிவிட்டால், அதைச் சமத்துவம் என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

யந்திர விரோதம் என்று இதைக் குறுக்க வேண்டாம். அச்சு யந்திரம் இல்லாமல் உ.வே.சா. இல்லை. ஸ்ரீரங்கத்து வாணி விலாஸ் அச்சகம் சங்கரரின் நூல்களை இருபது தொகுதிகளாகக் கொண்டுவந்ததும், நாற்பது பிரதி விற்கிற நம் பத்திரிகைகள் நடந்ததும் அச்சு யந்திரத்தால்தான். ஆனால் அச்சு, கொடுத்ததை வாங்கி அடித்தது. புள்ளியைக் கொடுத்தால் புள்ளியையே அடித்தது. கம்பாஸிடர் எழுத்தை மாற்றிப் போட்டால் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் வந்தது. அந்தப் பக்கம் எனக்கு எப்போதும் பிடிக்கும். தவறு நடந்தது, இன்ன பக்கம், இன்ன வரி, இப்படித் திருத்திக்கொள்க என்று ஒருவர் பொறுப்பேற்கிற பக்கம். தானே இட்டு நிரப்பும் யந்திரம் இப்போதுதான் வந்திருக்கிறது. அது உலகத்துக்குள் விட்ட சொற்களுக்கு யார் எந்தப் பக்கத்தில் பிழைதிருத்தம் போடுவார்கள்?

6

இந்த நிரப்பும் ஆசை ஏட்டோடும் செல்லரித்த காகிதத்தோடும் நிற்கவில்லை. 2024-ல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவருடைய குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் யந்திரத்தைக் கொண்டு திரும்ப உண்டாக்கினார். ஷாகுல் ஹமீது 1997-லும் பம்பா பாக்யா 2022-லும் காலமானவர்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் அறிவித்தார். சட்டமும் நாகரிகமும் அனுசரிக்கப்பட்டன. அந்த மட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் இனிமேல் பாட மாட்டார் என்பது அவருடைய கலையின் ஒரு பகுதி. பாடியவை இவ்வளவுதான் என்பதால்தான் ஒவ்வொன்றையும் அப்படிக் கேட்கிறோம்.

மௌனி எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள். நீண்ட காலம் உயிரோடு இருந்து, எழுதாமலும் இருந்தார். இன்றைய யந்திரத்திடம் மௌனி மாதிரி இன்னொரு கதை கேட்டால் கொடுக்கும். நூறு கேட்டாலும் கொடுக்கும். சாயங்கால வெளிச்சமும் நிழலும் எல்லாம் சரியாகவே இருக்கக்கூடும். அவர் எழுதாமல் விட்ட வருஷங்களை மட்டும் அதனால் எழுதாமல் விட முடியாது. சிறுபத்திரிகை என்ற ஏற்பாடே இந்த வருஷங்களை மதித்து உண்டானது. சொல்ல ஒன்றும் இல்லாத மாதம் இதழ் வராமல் போனதை நாம் அவமானமாக நினைத்ததில்லை.

மனித வேலையை நான் விரும்புவதற்குக் காரணம் அது மேலானது என்பதில்லை. மகாவித்துவானின் வாளைமீன்களை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. மனிதன் மட்டுமே நிரப்பக் கூடியவனாக இருந்துகொண்டு நிரப்பாமல் விடுகிறான். அப்படி விட்ட இடத்துக்குப் பெயர் போட்டுப் பொறுப்பேற்கிறான். இதைச் செய்யக் கற்பதற்கு நாள் பிடிக்கிறது, யாராவது ஒருத்தருக்கு எதிரில் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை வீண் என்று ஒரு சமூகம் தீர்மானித்துவிட்டால், யந்திரம் கவிதை எழுதுவதைவிட அது பெரிய விஷயம்.

நண்பரின் பதிப்பில் அந்தக் கவிதை இப்போது 'மண்ணெண்ணெய்' என்று முடிகிறது. என்னிடம் பிரதி இல்லாத வேறு இதழ்களில், கிழிந்த இடங்களில் புள்ளி வைத்து, கிழிந்தது என்று கீழே ஒரு வரி சேர்க்க அவர் சம்மதித்திருக்கிறார். வேலை இரட்டிப்பாகிறது என்று முணுமுணுக்கிறார். ஆகத்தான் செய்யும்.

புறநானூற்றின் 267-ம் பாட்டுக்காகவும் 268-ம் பாட்டுக்காகவும் விடப்பட்ட இடம் 1894-லிருந்து காலியாக இருக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டுப் பரணில் அந்த ஏடு இல்லை என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஏதாவது ஒன்றைப் போட்டு அதை அடைத்துவிட்டால், அந்தப் பரணில் ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.